ஆளில்லாத கரட்டுக்குக் காவல்காரி

"ஏன்டியம்மா, ஃபேனுக்கு அடியில உக்காந்து சம்பளம் வாங்குறவ, உனக்கு எதுக்கு இந்த வெயில்ல வந்து கிழவி வாயக் கிண்டுற வேலை?"

அணை ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இன்ஜினியர் பெண் போன வாரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அவளை நான் வரவேற்ற அழகு இது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தாள். தீவுக்குச் சுற்றுலாப் படகு விடப் போகிறார்களாம். கரையில் ஒரு போர்டு வைக்க வேண்டுமாம். தீவின் உச்சியில் இருக்கிற நாச்சி கோயிலைப் பற்றி அதில் நாலு வரி எழுத வேண்டுமாம். ஆபீசில் யாரைக் கேட்டாலும் 'ரொம்பப் பழைய கோயில், வீராயிப் பாட்டியைக் கேள்' என்கிறார்களாம்.

"கேட்டு என்ன செய்யப் போற? தெரிஞ்சுக்கிட்டவ எல்லாம் நல்லாவா இருக்கோம்? ஊர் நம்புறதை நீயும் நம்பிட்டுப் போக வேண்டியதுதான?" என்று இன்னும் கொஞ்சம் திட்டினேன். அவள் பையிலிருந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். பல்லில்லாத கிழவிக்கு முறுக்கு வாங்கி வந்த பிள்ளையிடம் இதற்கு மேல் என்ன கோபப்படுவது? உட்காரச் சொன்னேன். நாலு வரிக்கு இது கொஞ்சம் நீளம். போர்டைப் பெரிதாக அடித்துக்கொள்ளட்டும்.

ஆள் இல்லாத தீவைக் காவல் காப்பதுதான் ஆபீஸ் எனக்குக் கொடுத்திருந்த வேலை. பணத்துக்குக் காவல் போடுவார்கள், தேங்காய்த் தோப்புக்குக் காவல் போடுவார்கள். ஒன்றுமில்லாததை எவனும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று காவல் போட்டது எங்கள் ஆபீஸ் ஒன்றுதான்.

அணை கட்டுவதற்கு முன்னால் அது தீவு இல்லை. வடக்குப் பக்கத்துப் பாறைகளை ஒட்டி நின்ற ஒரு மொட்டைக் கரடு, சின்னப் பாறைக் குன்று. அடிவாரத்தில் ஓர் ஊர் இருந்தது. தண்ணீர் ஏறியதும் ஊர் உள்ளே போயிற்று, கரட்டின் தலை மட்டும் வெளியே நின்றது. ஊர்க்காரர்கள் மேட்டில் காலனி போட்டுக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு இன்றைக்கும் அது கரடுதான், ஆபீசுக்குத்தான் தீவு. வடகரையில் நின்று கத்திக் கூப்பிட்டால் தீவில் கேட்கும். அவ்வளவு பக்கம். ஆனால் கரை முழுக்கப் பாறை, இடையில் ஆழம். கோடையில் தண்ணீர் எவ்வளவு இறங்கினாலும் அடிவாரம் வெளியே வராது. வண்டல் மூடிவிட்டது.

என் வீட்டுக்காரர் அணையில் பரிசல் தள்ளியவர். ஆயுசெல்லாம் தண்ணீரில் கிடந்த மனிதர், தண்ணீர் அவரை ஒன்றும் செய்யவில்லை. மஞ்சள் காமாலை வந்து கொண்டுபோயிற்று. அவர் போனதும் பரிசல் சும்மா நின்றது, துடுப்பு சும்மா நின்றது, நானும் சும்மா நின்றேன். ஆபீசில் மூன்றையும் சேர்த்தே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

பயிற்சி என்றும் ஒன்று நடந்தது. பரிசல் வட்டமானது. அதற்கு முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. எங்கே போகிறோம் என்று அதற்கே தெரியாது, ஆபீஸ் மாதிரி. முதல் மழைக்காலம் முழுக்க நான் இருந்த இடத்திலேயே சுற்றினேன். மதகு திறக்கிற லஸ்கர்கள் கரையில் நின்று, "வீராயி, ராட்டினத்துக்கு டிக்கெட்டு எம்புட்டு?" என்று கேட்டுக் கைதட்டினார்கள். அடுத்த மழைக்காலத்தில் நேராகப் போனேன். ஒருவரும் கைதட்டவில்லை. பயிற்சி முடிந்துவிட்டது என்று நானே தெரிந்துகொண்டேன்.

எனக்கு மேலே ஓவர்சியர் சுந்தரலிங்கம். முதுகுளத்தூர்ப் பக்கத்து வறட்டுக் காட்டில் பிறந்தவர். குடத்துக்குள் அடங்காத தண்ணீரை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. இப்படிப்பட்டவரைத் தேடிப் பிடித்து அணைக்குப் போடுவதற்கு ஒரு தனி மூளை வேண்டும். அது யாரிடமோ இருந்திருக்கிறது. வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை, குடை, கழுத்தில் பைனாகுலர். வடகரையிலேயே உயரமான பாறை எதுவோ அதன் உச்சியில்தான் உட்காருவார். காலில் சேறு பட்டால்கூட இறங்கிப் போய்க் கழுவ மாட்டார், செம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுவார். ஆனால் ஒன்று, வாய் தப்பாகப் பேசாத மனிதர். எதையும் மூன்று முறை கேட்பார், அவ்வளவுதான்.

வேலை முறை இதுதான். காலையில் நான் பரிசலில் போக வேண்டும். தீவை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். உச்சியில் ஏறி நாலு பக்கமும் பார்க்க வேண்டும். திரும்பி வந்து பாறைக்குக் கீழே நிற்க வேண்டும். அவர் குடைக்குள்ளிருந்து கேட்பார்.

"ஆள் இல்லையே?"

"இல்ல சார்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் சார். என்னயத் தவிர யாருமில்ல."

"நீ கணக்குல வரமாட்ட."

"என்னைக்கு சார் வந்திருக்கேன்?"

பிறகு, நான் பார்த்துவிட்டு வந்ததை அவர் ஒருமுறை பைனாகுலரில் பார்த்துச் சரி செய்துகொள்வார். பெரும்பாலும் கொக்கு தெரியும்.

இவ்வளவு காவலும் எதற்கு என்றால், தீவில் மரம் வளர்க்கிறோம் என்று மேலே சொல்லியிருந்தார்கள். ஐப்பசி மழைக்குப் பெண்கள் கூட்டமாகப் போய்க் கன்று நடுவோம், மழை விட்டதும் தினமும் போய்த் தண்ணீர் ஊற்றுவோம். பாறைக் கரட்டில் கன்று என்ன செய்யும்? சித்திரையில் சாகும். மறு ஐப்பசியில் அதே குழியில் வேறு கன்று. நடுவில் ஆடு மேய்ந்துவிடக் கூடாது, விறகுக்கு எவரும் வந்துவிடக் கூடாது, வெயிலில் கன்று நிம்மதியாகச் சாக வேண்டும். அதற்குத்தான் நான்.

உச்சியில் ஒரே ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் நிழலில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தோம். காலையில் வந்ததும் ஒரு டீ, சாயங்காலம் கிளம்பும் முன் ஒரு டீ. டீச் சக்கையை அடுப்புச் சாம்பலிலேயே கொட்டி நெருப்பை அணைப்போம். கொதிக்கிற சட்டியை இறக்க ஒரு சிவப்புத் துணி. என் பழைய பாவாடைக் கிழிசல்தான். வேலை முடிந்ததும் அதை வேப்பங்கிளையில் சுற்றி வைப்போம். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கூட்டத்தில் பேச்சி என்று ஒருத்தி தண்ணீர் சுமந்தாள். தண்ணீருக்குள் போன அந்த ஊரில் வாழ்ந்த குடும்பத்துக்கு வாக்கப்பட்டவள். மேட்டுக் காலனியில் வீடு. அவளுடைய மகள் செல்லத்தாயிக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது. அந்தப் பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்து முடி எடுக்கவில்லை. சடை விழுந்து, சடைக்கு அடியில் புண் வைத்து, ஈ மொய்க்காமல் இருக்கத் தலையில் துண்டு கட்டியே வைத்திருந்தாள். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "முதலில் மொட்டை அடித்துவிட்டு வா, அப்புறம் மருந்து" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பேச்சியின் மாமனார் பெரியசாமி ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க குலத்துல தலைப்பிள்ளை முடி நாச்சி காலடியிலதான் விழுகணும். வேற எங்கன விழுந்தாலும் வம்சம் வெளங்காது" என்றார். நாச்சி என்பது அவர்களுடைய குலதெய்வம். கோயில் கிடையாது, மூன்று நடுகல். மூத்த நாச்சி, நடு நாச்சி, இளைய நாச்சி. அடிவாரத்தில் நின்ற நாச்சி ஊரோடு சேர்ந்து தண்ணீருக்குள் போனாளா, கரட்டு மேல் ஏறித் தப்பி நிற்கிறாளா என்று யாருக்கும் தெரியாது. அணை வற்றட்டும், பார்க்கலாம் என்று பெரியசாமி காத்திருந்தார். அணையும் காத்திருந்தது. பிள்ளை தலையில் புண் மட்டும் காத்திருக்கவில்லை.

அந்தத் தை மாதம் ஒரு கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். அவன் உடுக்கடித்துக் குறி சொன்னான். "நாச்சி தண்ணிக்குள்ள இல்ல. தண்ணிக்கு மேல நிக்கிறா. வெயில்ல கருத்து நிக்கிறா. செவப்பு கட்டி நிக்கிறா." எங்கள் பக்கத்துச் சாமி எதுவும் கருப்பாக, சிவப்புக் கட்டி, வெயிலில்தான் நிற்கும். தட்சணை கொடுத்திருந்தால் இதை நானே சொல்லியிருப்பேன்.

மறுநாள் வேலையில் பேச்சி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மதினி, சிவராத்திரிக்கு மறுநாள் எங்க ஆளுகள அக்கரைல எறக்கி விடுவியா?"

"அங்கன நாச்சி இருக்காளாக்கும்?"

"நானும் உங்கூடத்தான தண்ணி ஊத்துறேன். ஒவ்வொரு கல்லாத் தேடிட்டேன். இல்ல."

"இல்லைன்னு தெரிஞ்சே எதுக்குடி கூட்டிட்டுப் போற?"

"எங்க மாமா தங் கண்ணால பாத்து இல்லைன்னு சொல்லட்டும். அப்பவாச்சும் வேற கோயில்ல எடுக்கச் சம்மதிப்பாரு."

"சம்மதிக்காட்டி?"

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "நானே கத்திரியால வெட்டிப்புட்டு எங்காத்தா வீட்டுக்குப் போயிருவேன். அதுக்குப் பெறகு என்னயச் சேக்க மாட்டாக. தெரியும். எம்புள்ள தல அழுகுது மதினி."

என் வேலை தீவில் ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்வது. ஒரு குலமே ஏறி வந்தால் வேலை போய்விடும். ஆனால் ஓவர்சியர் கணக்குப்படி நான் கணக்கில் வரமாட்டேன். அப்படியென்றால் பேச்சியும் வரமாட்டாள், பேச்சியின் மாமியாரும் வரமாட்டாள், பிள்ளையும் வராது. ஆம்பளைகள்தான் இடித்தார்கள். அவர்களைக் கண்ணுக்குத் தெரியாமல் கூட்டிப்போகலாம் என்று நினைத்தேன். சிவராத்திரிக்கு மறுநாள் எங்கள் கூட்டத்தில் எல்லோரும் அவரவர் குலதெய்வத்துக்குப் போய்விடுவார்கள். ஓவர்சியரும் ஊருக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்.

அன்றைக்குக் காலையில் முதல் நடையில் ஆம்பளைகளையும் ஒரு கிடாயையும் ஏற்றினேன். ஆம்பளைகள் பரிசல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்கள். கிடாய் மட்டும் நின்றுகொண்டு நன்றாக வேடிக்கை பார்த்தது. எதற்காகப் போகிறோம் என்று அதனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த நடையில் பேச்சி, பிள்ளை, தாய்மாமன், முடி எடுக்கிறவர், பேச்சியின் மாமியார் குருவம்மா. குருவம்மா வாயைத் திறந்தால் மருமகளைத் திட்டத்தான் திறப்பாள். "பானையைச் சரிச்சுப் பிடி. அரிசிய நனைச்சுப்புடாத. உங்கப்பன் வீட்டு வயலு இல்ல இது" என்று வழிநெடுக நடந்தது. பாதித் தண்ணீரில் போகும்போதே உச்சியிலிருந்து சத்தம் கேட்டது.

"நாச்சி கெடச்சுட்டா! ஏலே, நாச்சி கெடச்சுட்டா!"

பேச்சி என்னைப் பார்த்தாள். "எங்கிட்டு மதினி இருந்தா? நாம பாக்காத கல்லு எது?"

மேலே ஏறிப் போய்ப் பார்த்தோம். வேப்பமரத்தடியில் குலத்து ஆம்பளைகள் வரிசையாக நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தார்கள். அவர்களுக்கு முன்னால் எங்கள் டீ அடுப்பு.

மூன்று கல். கருத்து நிற்கிறது. முன்னால் சாம்பல் குவிந்திருக்கிறது. கிளையில் சிவப்புத் துணி. கோடாங்கி சொன்னதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. எல்லார் நெற்றியிலும் அடுப்புச் சாம்பல். பெரியசாமி என் பாவாடைக் கிழிசலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். "ஆத்தா, வெயில்ல இம்புட்டுக் கருத்துப் போனியே! சீலை இத்துப் போச்சே ஆத்தா!" இத்துப் போனதால்தானே கிழித்தேன். நான் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டீச் சட்டியை ஒருத்தர், "ஆத்தா பொங்கச் சட்டி" என்று தொட்டுக் கும்பிட்டார்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஊர் இருந்த காலத்தில் ஆம்பளைகள் வருசத்துக்கு ஒரு நாள் கிடாய்க் கறிக்கு நாச்சியிடம் வருவார்கள். அதுவும் வரும்போதே நிதானத்தில் வரமாட்டார்கள். வீட்டில் அடுப்பை நெருங்கிப் பார்த்தவர் ஒருத்தர்கூடக் கிடையாது. பிறகு மூன்று கல்லைக் கண்டால் வேறு என்ன தெரியும்?

அதற்குள் சிலர் பொங்கல் வைக்கக் கல் தேடினார்கள். சாமிக்கு முன்னால் அடுப்பு வேண்டுமே. மூன்று கல்லைக் கொண்டுவந்து அடுப்புக்கு முன்னால் இன்னோர் அடுப்பைக் கூட்டினார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்ததா, பயம் வந்ததா என்று இப்போது சொல்ல முடியாது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். பேச்சி என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாள். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் பெரியசாமிக்கு ஒரு சந்தேகம் வந்தது. "குருவு, இங்கன வா. நீதான வெள்ளிக்கெழமை தவறாம வெளக்குப் போட்டவ. நீ பாத்துச் சொல்லு. இவதான?"

எல்லோரும் திரும்பினார்கள். நாச்சியை வாரம் தவறாமல் பார்த்த ஆள் உயிரோடு இருப்பது குருவம்மா ஒருத்திதான். உண்மையான நாச்சி அடிவாரத்தில், வாகை மரத்தடியில், இடுப்பு உயரத்துக்கு நின்றவள் என்று பேச்சியிடம் அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள். இந்தக் கல் முழங்காலுக்குக்கூட வராது. மாமியார் வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது. பேச்சி பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

குருவம்மா கல்லுக்கு முன்னால் குந்தினாள். சாமிக்கு முன்னால் குந்துகிற மாதிரி இல்லை, அடுப்புக்கு முன்னால் குந்துகிற மாதிரி. சாம்பலை விரலால் கிளறினாள். டீச் சக்கை வந்தது. மூக்கில் வைத்து மோந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். துண்டுக்குள் விரலை விட்டுச் சொறிந்துகொண்டு நின்ற பேத்தியை ரொம்ப நேரம் பார்த்தாள்.

பிறகு கையைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"இவதான்! நான் வாக்கப்பட்டு வந்தன்னிக்குக் கும்பிட்டது இவளத்தான்! எந்திரிச்சு வந்துட்டாய்யா, நம்மளத் தேடி மேல ஏறி வந்துட்டா!"

குலவைச் சத்தத்தில் கொக்கெல்லாம் பறந்தது. குருவம்மா எழுந்து எங்களிடம் வந்து, புடவையைச் சரி செய்கிற மாதிரிக் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"என்னடி பாக்குறீக? நாம வாழ்நா பூராம் இது முன்னாடி குனிஞ்சேதான கெடக்கோம். இன்னைக்கு ஒரு நாள் அவுகளும் குனியட்டும்." அதோடு விடவில்லை. "டீத்தூளு கம்மியாப் போடுங்கடி. பிள்ளைகளுக்கு ஆகாது."

பொங்கல் பானை ஏற்றினார்கள். பொங்கிய பிறகுதான் முடி எடுக்க வேண்டும், அதுதான் முறை. ஈர விறகு, புகை வானத்துக்கு எழும்பியது. நான் வடகரையைப் பார்த்தேன். உச்சிப் பாறையில் ஒரு குடை நின்று ஆடிக்கொண்டிருந்தது.

ஓவர்சியர் ஊருக்குப் போகவில்லை. மதுரையிலிருந்து பெரிய இன்ஜினியர் அன்றைக்கு மத்தியானம் கன்றுகளைப் பார்க்க வருகிறார் என்று காலையில் தகவல் வந்திருக்கிறது. பெரிய இன்ஜினியருக்குக் குலதெய்வம் கிடையாதோ என்னவோ. நான் பரிசலைத் தள்ளிக்கொண்டு கரைக்குப் போனேன்.

"ஆள் இல்லையே?" என்று அவர் கேட்கவில்லை. "அங்கே என்ன நடக்குது?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார். சின்னப் பிள்ளைக்கு முடி எடுக்குறாக."

"ஆடு தெரியுது வீராயி! பைனாகுலர்ல ஆடு தெரியுது! எங் கன்னெல்லாம் என்னத்துக்கு ஆகும்? ஐயா வந்துட்டா எம் பொழப்பு என்னத்துக்கு ஆகும்? போய்க் கலைச்சு விடு. முடியும் வேணாம் கிடியும் வேணாம், ஒடனே எறங்கச் சொல்லு."

"நான் சொன்னாக் கேக்க மாட்டாக சார். நான்தான் கணக்குலயே வரமாட்டேனே. நீங்க வந்து ஒரு அதட்டுப் போடுங்க."

பரிசலைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், ஜீப் வரும் ரோட்டைப் பார்த்தார். அவர் ஏற மாட்டார் என்று நம்பித்தான் சொன்னேன். இன்னும் கொஞ்ச நேரம் இழுத்தால் பானை பொங்கிவிடும், பிள்ளைக்கு முடி இறங்கிவிடும், பிறகு என் வேலை போனால் போகட்டும் என்று ஒரு கணக்கு. ஆனால் மேலதிகாரி பயம் தண்ணீர் பயத்தை விடப் பெரிது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மனிதர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

மாசிக் காற்று. பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. நான் வேண்டுமென்று சுற்றவில்லை. வேண்டாமென்று நிறுத்தவும் இல்லை.

"வீராயி, கவுந்துருமா?"

"கவுந்தாலும் மெதுவாத்தான் சார் கவுழும்."

"ஐயோ, எந்தச் சாமி இங்க பக்கத்துல இருக்கு?"

"நாச்சி இருக்காக சார். அந்தா உச்சியில. வேண்டிக்கிருங்க."

"ஆத்தா நாச்சி, என்னைக் கரை சேத்துரு. முடி தாறேன்" என்றார். கேட்காமலே சொன்னார். நான் சுற்றுவதை நிறுத்திவிட்டு நேராக ஓட்டினேன்.

தீவில் இறங்கியதும் தரையைத் தொட்டு ஒருமுறை கும்பிட்டார். பிறகுதான் அதிகாரி என்பது ஞாபகம் வந்து, சட்டையை இழுத்துவிட்டு மேலே ஏறினார். பெரியசாமி அப்போது சாமியாடிக்கொண்டிருந்தார். ஓவர்சியர் அதட்டுவதற்கு வாயைத் திறந்தார். பெரியசாமி ஒரு பிடி சாம்பலை அள்ளி அவர் நெற்றியில் அப்பி, "தண்ணியத் தாண்டி வந்தியாடா மகனே!" என்றார். அது பொதுவாகச் சொல்வதுதான். ஆனால் அந்த நிமிசத்தில் அது ஓவர்சியருக்கு வேறு மாதிரிக் கேட்டிருக்க வேண்டும். வெள்ளைப் பேண்டோடு அப்படியே அடுப்பு முன்னால் விழுந்தார். பொங்கல் பானையும் அந்த நேரம் பார்த்துப் பொங்கியது. எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்லத்தாயி தாய்மாமன் மடியில் உட்கார்ந்தாள். கத்தி மெதுவாகத்தான் போயிற்று. புண்ணில் பட்டபோதெல்லாம் பிள்ளை வீரிட்டது. பேச்சி திரும்பி நின்றுகொண்டாள், குருவம்மா மட்டும் பேத்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "முடிஞ்சுச்சு தாயி, இந்தா முடிஞ்சுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சடை ஒரு தொப்பி மாதிரி முழுசாகக் கழன்று அடுப்புக் கல்லுக்கு முன்னால் விழுந்தது. தலையில் மஞ்சளும் சந்தனமும் அப்பினார்கள். பிள்ளை அழுகையை நிறுத்தித் தலையைத் தொட்டுப் பார்த்தது.

"காத்தடிக்குது அப்பத்தா" என்றது.

பேச்சி அப்போதுதான் அழுதாள்.

அடுத்து அந்த மடி இருந்த இடத்தில் ஓவர்சியர் உட்கார்ந்தார். வேண்டியது வேண்டியதுதானே. பாதித் தலை ஆகும்போது கரையில் ஜீப் வந்து நின்றது. கன்றுகளைக் கிடாய் ஏற்கெனவே பார்த்து முடித்திருந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை. பெரிய இன்ஜினியர் பரிசலையும் தண்ணீரையும் பார்த்திருக்கிறார். அவரும் வேறொரு முதுகுளத்தூர் போல. கரையிலேயே நின்று, இவர் மொட்டையாகி எழுந்த நேரம் பைனாகுலரில் பார்த்திருக்கிறார். இவர்கள் வேப்பமரத்தில் கட்டியிருந்த வாழைமரமும் மாவிலைத் தோரணமும் தெரிந்திருக்கின்றன. "பரவாயில்லை, நல்லாப் பச்சை பிடிச்சிருக்கு" என்றாராம். "வேலையை அக்கறையா முன்னால நின்னு பாக்குறாரே, யாருய்யா அந்த மொட்டை?" என்றும் கேட்டாராம். லஸ்கர்கள் பிறகு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இன்ஜினியர் இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். என் வேலையும் பிழைத்தது.

திரும்பும்போது பரிசலில் இரண்டு மொட்டை. ஒன்று கண்ணை இறுக மூடியிருந்தது. இன்னொன்று தண்ணீருக்குள் மீன் தேடிக்கொண்டே, "கீழ பாக்காதீக மாமா, அப்பப் பயம் வராது" என்று அதற்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையில் வழக்கம்போலப் பாறைக்குக் கீழே நின்றேன்.

"ஆள் இல்லையே?"

"இல்ல சார்."

குடைக்குள் தலையைத் தடவிக்கொண்டார். "அவுக?"

"அவுக இருக்காக சார்."

"சரி. இனிமே அந்தப் பக்கத்துல யாரும் டீ கீ போட்டு அசுத்தம் பண்ணக் கூடாது. சொல்லிரு."

இப்படியாக எங்கள் அடுப்பு எங்களுக்கு இல்லாமல் போயிற்று, பின்னால் அதைச் சுற்றித்தான் கோயில் எழும்பியது. கொஞ்சம் தள்ளிப் பாறையடியில் வேறு மூன்று கல்லைக் கூட்டினோம். அதுவும் கருத்தது. மறு வருசம் சிவராத்திரிக்கு, பெரியசாமியோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வகையறா தனியாக வந்து இறங்கியது. அவர்கள் அந்தக் கல்லைக் கண்டுபிடித்து, இதுதான் உண்மையான நாச்சி, அது போலி என்றார்கள். அதற்கு மேல் நாங்கள் வீட்டிலிருந்தே டீயைப் போட்டுத் தூக்குவாளியில் எடுத்துப்போனோம். இன்னும் இரண்டு அடுப்பு வைத்திருந்தால் ஜில்லா முழுக்கக் குலதெய்வம் கிடைத்திருக்கும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு இன்ஜினியர் பெண் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். முறுக்கில் பாதியை அவளே தின்றிருந்தாள்.

"அப்ப போர்டுல என்னதான் பாட்டி எழுதுறது?"

"முடி எடுத்த அன்னைக்குச் சாயங்காலம் குழாயடியில அக்கம்பக்கத்துக்காரிகளுக்கு நான் என்ன சொன்னேனோ, அதையே எழுது" என்றேன்.

அன்றைக்கு நான் குடத்தோடு போனதும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். பேச்சி மகளுக்கு முடி எடுத்தார்களாமே, ஓவர்சியரே விழுந்து கும்பிட்டாராமே, நீ தினம் போகிறவளாயிற்றே, நிசமாகவே நாச்சிதானா, சக்தி உண்டா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். குழாயடியில் குருவம்மாவும் குடம் வைத்திருந்தாள். பேத்தி அவள் இடுப்பில் மொட்டைத் தலையோடு தூங்கிக்கொண்டிருந்தது. குருவம்மா என்னையே பார்த்தாள்.

"சக்தியா? என்னடி அப்பிடிக் கேட்டுப்புட்டீக?" என்றேன். "காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா, அந்தக் கல்லுல கை வைக்க முடியாது. அம்புட்டுச் சூடு. நானே ரெண்டு தடவ சுட்டுக்கிட்டேன்."

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முதலில் போட்டுக்கொண்டவள் குருவம்மாதான்.